பிரதி சொன்ன இரண்டு பதில்கள்

இயந்திரத்துக்குள் இருக்கிறவர்களிடம் கேள்வி கேட்பது என் வேலை. அவர்களை மனிதர்கள் என்று சொல்லக் கூடாது, பிரதிகள் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆய்வு மையத்தின் விதி. வேலைக்குச் சேர்ந்த அன்று அதைத்தான் முதலில் சொன்னார்கள். சம்பளத்தை அதற்கப்புறம் சொன்னார்கள்.

பிரதி என்பது இதுதான். ஒருவரின் ரத்தம், மரபணு, மூளைப் படம், இவற்றோடு அவருடைய நாற்பது மணி நேரப் பேச்சு. இவ்வளவையும் கொடுத்தால் இயந்திரம் அவரைப் போல இன்னொருவரைக் கட்டிவிடும். அவருக்கு இருப்பதுபோலவே ஈரல், அவர் குரல், அவர் கோபம். அந்தப் பிரதிக்குத் தினமும் ஒரு சிட்டு கொடுப்போம். உள்ளே முப்பது வருடம் ஓடும். வெளியே எங்களுக்கு ஒரு மதியம் கழிந்திருக்கும். ஈரல் என்ன ஆனது, இதயம் என்ன ஆனது என்பதையெல்லாம் இயந்திரமே கணக்குப் போட்டுவிடும். ஞாபகம், பயம், துக்கம் இவற்றுக்குக் கணக்கு கிடையாது. கேட்டால்தான் தெரியும். கேட்க ஓர் ஆள் வேண்டும். நான் பொறியியல் படிப்பை மூன்றாம் வருடம் விட்டவன். படிப்பு முக்கியமில்லை, பொறுமை போதும் என்றார்கள். எனக்குப் பொறுமையும் இல்லை. ஆனால் வேறு வேலையும் இல்லை.

சிட்டு என்ன என்று தெரியாதவர்கள் மதுரையில் இல்லை. நகத்தளவு பழுப்புப் பட்டை. நாக்குக்கு அடியில் வைத்தால் கரைந்துவிடும். அன்றைக்கு யார் யார் என்னென்ன சொன்னார்களோ அதெல்லாம் கொஞ்சம் தள்ளிப்போய் நிற்கும். அவ்வளவுதான். பெட்டிக்கடையில் கிடைக்கும். அதைத் தடை செய்வதா வேண்டாமா என்று அரசாங்கத்தால் முடிவெடுக்க முடியவில்லை. காரணம், பழைய கதை ஒன்று.

நான் பள்ளியில் படித்தபோது, இரண்டு வருடம் சிட்டு வைத்தால் பார்வை போய்விடும் என்று சுகாதார வாரியம் ஓர் ஆய்வை வெளியிட்டது. கண்ணில் கட்டுப் போட்ட பையன் படத்தோடு ஊரெல்லாம் சுவரொட்டி. பிறகு வெளியே வந்தது. ஏற்கெனவே கண்புரை இருந்த கிழவர்களையும் சேர்த்து எண்ணியிருந்தார்கள். கேட்டதற்கு, நல்லதுக்குத்தானே செய்தோம் என்றார்கள். அதற்குப் பிறகு பையன்கள் சிட்டு வைத்துக்கொண்டு அந்தச் சுவரொட்டியின் அடியிலிருந்த பொடி எழுத்தை உரக்கப் படித்துக் காட்டினார்கள். அச்சகத்தின் பெயர், தொலைபேசி எண் எல்லாம் வாசிப்பார்கள். சிட்டு போகட்டும், மஞ்சள்காமாலைக்குத் தடுப்பூசி போட வந்தவர்களைக்கூட ஒரு தெருவில் விரட்டிவிட்டார்கள். வாரியம் எது சொன்னாலும் கண்ணு போயிருமா என்று ஒரே கேள்விதான்.

அந்தப் பழைய ஆய்வில் கையெழுத்துப் போட்டவரிடம் படித்தவர்தான் எங்கள் மையத்தின் தலைவர் டாக்டர் எப்சிபா. அதைப் பற்றி அவர் பேசமாட்டார். ஆனால் பிரதிகளை எதற்காகக் கொண்டுவந்தார் என்பதை, புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியத்தில் சொல்வார்.

“மனுஷங்க பொய் சொல்வாங்க. ஆராய்ச்சி பண்றவங்களும் பொய் சொல்வாங்க. பிரதிக்குப் பொய் சொல்ல என்ன அவசியம் இருக்கு?”

எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

மூன்று வருட உழைப்புக்குப் பிறகு முடிவு வந்தது. சிட்டு ஈரலை ஒன்றும் செய்வதில்லை. இதயத்தையும் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் ஏழாவது வருடத்திலிருந்து மூன்று பேரில் ஒருவருக்கு வழி மறக்கிறது. தினமும் போய்வருகிற பாதை நடுவில் அறுந்துபோகிறது. பிரதிகளே அழுதுகொண்டு சொன்னார்கள். வாரியத்துக்கு ஒரே சந்தோஷம். அடுத்த வாரம் அறிவிப்பு என்றார்கள்.

என் தம்பி கிஷோருக்குச் சிட்டில் அது ஏழாவது வருடம்.

கிஷோர் திருவிழாக்களுக்குச் சீரியல் செட் கட்டுகிறவன். கம்பத்தில் ஏறி நாற்பது அடி உயரத்தில் கால்களால் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் பல்பு மாட்டுவான். சாயங்காலம் இறங்கியதும் ஒரு சிட்டு. எங்கள் ஆய்வுக்கு அவனும் தன் ரத்தத்தையும் பேச்சையும் கொடுத்திருந்தான். மதியம் பிரியாணி போடுகிறார்கள் என்று யாரோ சொன்னதால் வந்தான். நான் அங்கே வேலை பார்ப்பதே வந்த பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

முடிவை வெளியே சொல்லக் கூடாது. நான் அவனைக் கோரிப்பாளையத்தில் ஒரு டீக்கடைக்கு வரச் சொல்லி, சொன்னேன்.

“டேய், ஒனக்கு வழி மறக்குதாடா?”

“ஆமா. இங்க வாரதுக்கே ரெண்டு தடவ சுத்துனேன். இருந்த பாலத்த இடிச்சுட்டு வேற பாலம் கட்டுறாய்ங்க. சிட்டு வைக்காதவனும்தான் வழி தெரியாம முழிக்கிறான். அவிங்கள வச்சு ஆராய்ச்சி பண்ணச் சொல்லு.”

“வெளையாடாத. ஒன்னயத்தான் கேக்குறேன்.”

“கண்ணு போயிரும்னாய்ங்க. போச்சா? இப்ப வழி போயிருமாம். அடுத்து என்னண்ணே, மீச கொட்டிருமா?”

கடைக்காரர் சிரித்தார். கிஷோர் அவருக்காக இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசினான். பிறகு டீயை வைத்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

“வீட்டுல ஷாலினியும் விடச் சொல்லுது. அது டிவியப் பாத்துட்டுச் சொல்லுது. அத விடு. டாக்டரம்மாவையும் விடு. நீ நம்புறியா? நீ உள்ள இருந்து பாத்தவன். நீ நம்புறேன்னு சொல்லு, விட்டுர்றேன்.”

நம்புகிறேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நம்பவும் செய்தேன். ஆனால் அவன் கேட்ட விதத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆய்வின் மேல் இல்லை, நான் எதை நம்புகிறேன் என்பதன் மேல்.

“பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன்.

உறவினரின் பிரதியை யாரும் விசாரிக்கக் கூடாது. இது இரண்டாவது விதி. அடுத்த நாள் மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் கேள்வி அறைக்குள் போனேன். வழக்கமாக வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, பக்கத்தில் டாக்டர் எப்சிபா உட்கார்ந்திருக்க, அச்சடித்த கேள்விகளைப் படிப்பேன். பிரதிகளுக்கு எங்களைப் பார்க்க முடியும், கேட்க முடியும். வருடாந்திரப் பரிசோதனைக்கு வந்திருப்பதாக அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அன்று திருட்டுத்தனமாகச் செய்கிற காரியத்துக்குக் கோட்டு எதற்கு என்று கழற்றிப் போட்டுவிட்டேன். கிஷோரின் பிரதியை எட்டாம் வருடத்தில் திறந்தேன்.

“அண்ணே! நீ எங்கண்ணே இங்க?”

அதே குரல். “சும்மா வந்தேன்டா. எப்படி இருக்க? வழி கிழி மறக்குதா?”

“சேச்சே. அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாருக்கேண்ணே. நீ ஏன் எளச்சுப்போயிட்ட?”

நிம்மதியாக இருந்தது. மூன்றில் இரண்டு பேருக்கு ஒன்றும் ஆவதில்லை, இவன் அந்த இரண்டில் ஒருவன். கிளம்பப் போனவன், எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் எப்சிபா அதே பிரதியை அதே எட்டாம் வருடத்தில் விசாரித்த பதிவைப் போட்டுப் பார்த்தேன்.

“ஆமா டாக்டர். மறந்துபோகுது. நேத்துகூட வீட்டுக்குப் போறதுக்குப் பதிலா எங்கயோ போயி நின்னுட்டேன். எந்தத் தெருன்னு தெரியல. அழுகையா வந்துருச்சு.”

இதுவும் அதே குரல்தான். நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். எது நடிப்பு என்று தெரியவில்லை. இரண்டும் நடிப்பாகத் தெரியவில்லை. அதுதான் தொந்தரவு.

சாப்பிட்டுவிட்டு வந்த டாக்டரிடம் போய்ச் சொன்னேன். வேலை போய்விடும் என்று தெரியும். அவர் விதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “திரும்ப ஒருதடவை கேளுங்க, பிரவீன். நான் பாக்கணும்” என்றார்.

கேட்டேன். இல்லை என்றான். நான் எழுந்துகொண்டேன். அவர் கோட்டோடு உட்கார்ந்து கேட்டார். ஆமா டாக்டர் என்றான். அவர் அச்சடித்த கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு யாரும் எழுதித் தராத ஒரு கேள்வியைக் கேட்டார்.

“இதைச் சாப்பிடுற எல்லாருக்கும் உள்ளங்கால் அரிக்கும். உங்களுக்கு எப்படி, ரொம்ப அரிக்குதா?”

“ஆமா டாக்டர். படுத்தா தூக்கமே வரல. செருப்ப மாத்திப் பாத்தேன், அப்பவும் நிக்கல.”

சிட்டுக்கும் உள்ளங்காலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்தக் கேள்வியை டாக்டர் அந்த நிமிடத்தில்தான் கற்பனை செய்தார். சாயங்காலத்துக்குள் வேறு பல பிரதிகளைத் திறந்து கேட்டோம். ஏறக்குறைய எல்லோருக்கும் அரித்தது. ஒருவர் தேங்காய் எண்ணெய் தடவுவதாகச் சொன்னார். இன்னொருவர் அவர் மனைவிக்கும் தொற்றிவிட்டதாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

“இவங்க பேச்சையெல்லாம் எங்க வச்சுப் பதிவு பண்ணினோம்?” என்றார்.

“இங்கதான், நம்ம மையத்துல, மேடம்.”

“யாரு பேசினது?”

“நம்ம ஆளுங்கதான். கோட்டு போட்டு, எதிர்ல உக்காந்து.”

“நாப்பது மணி நேரம். டாக்டருக்கு முன்னாடி உக்காந்திருக்கிற ஒரு ஆள்.” அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நாம அந்த ஆளைத்தான் பிரதி எடுத்திருக்கோம். வீட்டுல இருக்கிறவரை இல்ல. டாக்டர் என்ன எதிர்பாக்குறாரோ அதைக் கண்டுபிடிச்சுச் சொல்றவரை.”

இதை வெளியூர்க்காரனுக்கு விளக்க வேண்டியிருக்கும். நமக்கு வேண்டியதில்லை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டால், இல்லை என்று சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை. மாத்திரை அட்டையோடு வீட்டு அலமாரியில் கிடக்கும். எங்கள் அப்பா சாவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வார்டுக்கு வந்த டாக்டர், எப்படி இருக்கு பெரியவரே என்றார். “இப்பப் பரவால்லங்க டாக்டர்” என்றார் அப்பா. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். அது பொய் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அது மரியாதை.

“அப்ப எங்கிட்ட இல்லைன்னு சொன்னது நெசமா, மேடம்?”

“நீங்க அவருக்கு அண்ணன். நீங்க எதைக் கேக்க ஆசைப்பட்டு வந்தீங்களோ அதைச் சொல்லியிருக்கார்.”

“அப்ப உண்மை எது?”

“தெரியல” என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை.

வாரியத்தின் செயலாளர் நாச்சியப்பன் மறுநாள் காலையே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். கதவு திறந்திருந்தது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல்.

“எல்லாம் அச்சுக்குப் போயாச்சும்மா. இப்ப வந்து தப்புங்கிறீங்க. தப்புன்னா என்ன அர்த்தம், மறதி வராதுங்கிறீங்களா?”

“வரலாம் சார்.”

“அப்ப வரும்.”

“வராமலும் இருக்கலாம்.”

“ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா.”

“தெரியாது சார். அதைத்தான் சொல்லணும்.”

“தெரியாதுன்னு அறிக்கை விட ஒரு வாரியம் எதுக்கு? அதுக்கு டீக்கடை போதுமே.” அவர் குரல் கனிவானது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. “நான் கெட்டவன் இல்லம்மா. எனக்கும் பையன் இருக்கான். சட்டைப் பையில அந்தச் சனியனைப் பாத்தேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நாலு வீட்டுல நாலு பையன் விடுவான். நல்லதுக்குத்தானே?”

“கண்ணு போகும்னு சொன்னப்பவும் நல்லதுக்குத்தான் சொன்னாங்க சார். அதைச் சொன்னவர்கிட்டதான் நான் படிச்சேன்.”

அவர் ஒரு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போன் அடித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் எப்சிபா அன்றே தன் பெயரில் ஓர் அறிக்கை விட்டார். எங்கள் ஆய்வு பிழையானது. பிரதிகள் கேட்பவரின் விருப்பத்துக்கேற்பப் பதில் சொல்கின்றன. சிட்டு வழி மறதியைத் தருமா தராதா என்பது இப்போது எங்களுக்குத் தெரியாது. நான்தான் அதைத் தட்டச்சு செய்தேன். தெளிவாகத்தான் இருந்தது. ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும் என்று நினைத்தேன்.

மாலைச் செய்தியில், சிட்டு பாதுகாப்பானது, பெண் விஞ்ஞானி ஒப்புதல் என்று ஓடியது. இன்னொரு சேனலில், பணம் வாங்கிக்கொண்டு ஆய்வை மாற்றினாரா என்று நான்கு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் மையத்துக்குப் போகிற வழியில் ஒரு பெட்டிக்கடையில் டாக்டரின் படத்தைப் பார்த்தேன். சிட்டுச் சரங்களுக்கு நடுவில் ஒட்டி, பொட்டு வேறு வைத்திருந்தார்கள். அவர் கிறிஸ்தவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கிஷோர் என் அறைக்கு வந்தான். கையில் அல்வா.

“அண்ணே, ஒம் புண்ணியத்துல தப்பிச்சேன். ஷாலினிட்ட அந்த நியூஸப் போட்டுக் காட்டுனேன். வாயவே தொறக்கல. இந்தா, சாப்பிடு.”

“நாங்க அப்படிச் சொல்லலடா.”

“டிவில சொன்னாய்ங்களே.”

“ஒண்ணும் ஆகாதுன்னு நாங்க சொல்லல. ஆகுமான்னு தெரியாதுன்னு சொன்னோம்.”

“அப்ப ஆகும்கிறியா?”

“தெரியாதுங்கிறேன்.”

அவன் அல்வாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். “என்னண்ணே இது? அன்னைக்குக் கேட்டதுக்குப் பாத்துட்டுச் சொல்றேன்ன. பாத்துட்டல்ல?”

“பாத்தேன்.”

“என்ன தெரிஞ்சது?”

“ஒண்ணும் தெரியல.”

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிட்டுச் சரத்தை எடுத்துப் பாய் மேல் வைத்தான். “எதாச்சும் ஒண்ணு சொல்லு. விடுன்னு சொல்லு, இத ஒங்கிட்டயே குடுத்துட்டுப் போறேன். இனிமே தொட மாட்டேன். சத்தியமா. நீ சொன்னாக் கேப்பேண்ணே. ஒன்னயத் தவிர வேற எவன் சொன்னாலும் கேக்க மாட்டேன்.”

ஒரு வார்த்தைதான். விடு. சொன்னால் விட்டுவிடுவான். நாற்பது அடி உயரத்தில் தொங்குகிற ஒருவன் எதையாவது விடுவதால் நஷ்டம் என்ன? ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் என்னிடம் ஒன்றுமே இல்லை. நாச்சியப்பனிடமும் இல்லாமல் இருந்தது. கண்புரைக் கிழவர்களைச் சேர்த்து எண்ணியவர்களிடமும் இல்லாமல் இருந்தது. அவர்கள் எல்லோரும் தம்பிகளை நினைத்துக்கொண்டுதான் செய்திருப்பார்கள். நாளைக்கு வேறு எதையாவது விடு என்று நான் சொல்ல வேண்டி வரும். அன்றைக்கு அவன் என்னை நம்ப வேண்டும்.

இப்படியெல்லாம் அப்போது தெளிவாக யோசித்தேனா என்றும் தெரியவில்லை. வாய் பேசிவிட்டது.

“தெரியாதுடா. நீ விட்டா எனக்குச் சந்தோசமா, விடாட்டி வருத்தமா, அதுகூட இப்பத் தெரியல. மண்ட குழம்பிக் கெடக்கு. என்னயக் கேக்காத.”

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதும் அவன் முகத்தில் ஒரு பதில் தயாராக இருக்கும். கேலியாகவோ, சமாதானமாகவோ. அன்று அந்த இடம் காலியாக இருந்தது. என் முகத்தில் எடுத்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் தேடுகிறான் என்று தோன்றியது. கீழே தெருவில் ஒரு வண்டி வெங்காயம் கூவிக்கொண்டு போய், திரும்பி வந்தது.

“வழி மறக்கலண்ணே” என்றான். மெதுவாகச் சொன்னான். “வழியெல்லாம் நல்லாத் தெரியும். குறுக்குச் சந்துகூடத் தெரியும். அதுல ஒண்ணுமில்ல. போய்ச் சேந்தப்புறந்தான்...”

“சேந்தப்புறம்?”

நான் முன்னால் சாய்ந்துவிட்டேன். தெரிந்து செய்யவில்லை. அவன் அதைப் பார்த்தான். பார்த்ததும் முகத்தில் பழைய சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

“ஒண்ணுமில்ல விடு. பசிக்கும். அல்வாவச் சாப்பிடு.”

அவன் கை கழுவப் போன நேரத்தில் டாக்டருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“நீங்க என்ன கேட்டீங்க?”

“ஒண்ணும் கேக்கல மேடம். தெரியாதுன்னேன். அவனா ஆரம்பிச்சான்.”

“போய்ச் சேர்ந்த பிறகு என்ன?”

“அதுக்குள்ள நான் ஆர்வமாயிட்டேன். நிறுத்திட்டான்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். “நாம அதைக் கேக்கவே இல்ல பிரவீன். வழி மறக்குதா, பேர் மறக்குதா, தேதி மறக்குதா, அதைத்தான் கேட்டோம். நான் இப்பவே வரேன். அவரை இருக்கச் சொல்லுங்க.” சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதைத் திரும்ப மேசையில் வைக்கிற சத்தம். “வேண்டாம். நான் வரல.”

“ஏன் மேடம்?”

“வந்து கேட்டா கிடைச்சுடும். எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு.”

“என்ன வேணும்?”

“ஏதாவது இருக்கணும். மூணு வருஷம் வீண் இல்லைன்னு ஆகணும்.” போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் கிஷோரோடு செல்லூருக்குக் கிளம்பினேன். ஷாலினியைப் பார்த்து நாளாகிவிட்டது என்றேன். அவனுக்குச் சந்தோஷம். அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு திருப்பத்தையும் கவனித்தேன். பாலம் வேலை நடக்கிற இடத்தைச் சுற்றாமல் நான் அறியாத ஒரு சந்துக்குள் புகுந்து நேராக ஆற்றங்கரைச் சாலைக்கு வந்தான். ஓர் இடத்தில்கூடத் தயங்கவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. ஒன்றுமில்லை, இவனுக்கு ஒன்றுமே இல்லை, நாங்கள்தான் கேட்டுக் கேட்டுப் பைத்தியமாகிவிட்டோம் என்று நினைத்தேன்.

வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினான். சாவிக் கொத்தை உருவி எடுத்தான். பைக் சாவியோடு வீட்டுச் சாவியும் அதில் இருந்தது. கொத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, படியில் ஏறாமல் நின்று அழைப்பு மணியை அழுத்தினான்.

“யாரு?” உள்ளேயிருந்து ஷாலினியின் குரல்.

“நாந்தாங்க. உள்ள வரலாமா?”

“யாரு வீடு வேணும்?”

“கிஷோர் வீடு.”

“அவரு இல்லீங்களே. வெளிய போயிருக்காரு.”

கிஷோர் திரும்பித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். யாரோ வருகிறார்களா என்று பார்ப்பதுபோல. கதவு திறந்தது. ஷாலினி சிரித்துக்கொண்டே நின்றாள். என்னைப் பார்த்ததும் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

“அய்யோ, நீங்களும் வந்திருக்கீங்களா மாமா? வாங்க, வாங்க. இவரு பண்ற கூத்தப் பாத்தீங்களா? ஒரு வருசமா தெனமும் இப்படித்தான். நான் உள்ள வாங்கன்னு சொல்ற வரைக்கும் படி ஏற மாட்டாரு. எதுத்த வீட்டு அக்கா, என்னடி ஒம் புருசன் விருந்தாளி மாதிரி வாராருன்னு கேலி பண்ணுது.”

நான் உள்ளே போனேன். கிஷோர் வெளியிலேயே நின்றான்.

“நீங்களும் வாங்க சார்” என்றாள் அவனைப் பார்த்து.

அவன் செருப்பைக் கழற்றி, ஷாலினியின் செருப்புகள் கிடந்த இடத்தில் விடாமல், என் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தான். சோபாவின் நுனியில், முழங்கால் இரண்டையும் சேர்த்து உட்கார்ந்தான். சுவரில் இருந்த கல்யாணப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நல்லா இருக்கு என்பதுபோலத் தலையாட்டினான்.

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமாங்க?”

ஷாலினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் செய்தியைப் போட்டுக் காட்டியதிலிருந்து இருந்த சண்டையெல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்காகத்தான் இன்று கூடுதலாக நடிக்கிறான் என்று நினைத்திருப்பாள். நானும் அப்படி நினைக்கப் பார்த்தேன், மதியம் அவன் பாதியில் நிறுத்திய ‘போய்ச் சேந்தப்புறந்தான்’ விடவில்லை.

கிஷோரும் சிரித்தான். அவள் சிரிப்பதைப் பார்த்த பிறகு சிரித்தான்.